மொரியோ வாசிப்பு கேட்ட விதம்

கனாயே டீச்சருக்கு நல்ல மனசு. வினையே அதுதான். கெட்ட மனசுக்காரர் செய்கிற தப்பை ஊர் அன்றைக்கே பிடித்துவிடும். நல்ல மனசோடு செய்கிற தப்புக்கு ஊரே தலையாட்டும். இந்தத் தப்புக்கும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தலையாட்டத்தான் செய்தார்கள். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் இவாமி மொரியோவின் வீடு. அதனால் வெள்ளிக்கிழமை செய்த தப்பு திங்கட்கிழமை காலையிலேயே பிடிபட்டது.

எங்கள் குராயோஷி ஊரில், ஆற்றங்கரைப் பள்ளியில், கனாயே ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். வெள்ளிதோறும் பிள்ளைகளின் பையில் ஒரு தாள் வீட்டுக்குப் போகும். அடுத்த வாரம் என்ன பாடம், என்றைக்குக் காலி அட்டைப்பெட்டி கொண்டுவர வேண்டும், வீட்டில் பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அக்டோபர் முதல் வாரத் தாளில் புதிதாக ஒன்று சேர்ந்தது. தினமும் மாலையில் பத்து நிமிடம் கைவேலையை வைத்துவிட்டு, பிள்ளை பாடத்தை உரக்க வாசிப்பதைக் கேளுங்கள்; கேட்டபின் அட்டையில் குறி போட்டு முத்திரை வையுங்கள். அட்டையில் நாலு கட்டம்: சத்தம், தெளிவு, உணர்ச்சி, உட்கார்ந்த விதம். பிரமாதம் என்றால் இரட்டை வட்டம், பரவாயில்லை என்றால் ஒற்றை வட்டம், போதாது என்றால் முக்கோணம்.

மொரியோவின் மகள் கோஹாருவின் தாளில் மட்டும் அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்திருந்தாள் கனாயே. 'உங்கள் வீட்டுக்கு இது வேண்டாம். பதிலுக்கு எழுத்துப் பயிற்சித் தாள் வைத்திருக்கிறேன்' என்று பக்கத்தில் எழுதி ஒரு சிரித்த முகமும் வரைந்திருந்தாள். கோஹாருவின் அப்பாவுக்கும் காது கேட்காது, அம்மாவுக்கும் கேட்காது. அந்த வீட்டுக்குப் போய்க் 'கேளுங்கள்' என்று அட்டை அனுப்பினால் அதைவிடக் கொடுமை உண்டா என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. ஆசிரியர் அறைக் கதவை யாரோ தட்டாமல் திறந்தார்கள். கிரீஸ் படிந்த நீல உடுப்பில் ஒரு மனிதர், குனிந்து வணங்கிவிட்டு நேரே கனாயேயின் மேஜைக்கு வந்தார். அந்தத் தாளை விரித்துச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார்.

"இது என்ன?"

கனாயே வாங்கி எழுதினாள். "உங்களுக்கு வீண் சிரமம் வேண்டாமேன்னுதான், கோஹாருப்பா."

"எனக்கு என்ன சிரமம்?"

காது கேட்காதே என்று எந்த டீச்சர் எழுதுவாள்? மொரியோவே எழுதினார். "காதுதான் கேக்காது. வேல பாக்குறேன், வரி கட்டுறேன், புள்ள வளக்குறேன். மத்த புள்ளைங்களுக்குக் குடுத்த பாடத்த எம் பொண்ணுக்கும் குடுங்க."

உதவித் தலைமை ஆசிரியர் தகேயா ஓடிவந்தார். காது கேட்காதவர் முன்னால் கத்தினால் கேட்டுவிடும் என்று நம்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். "கோ-ஹா-ரு-அப்-பா! டீச்-சர் உங்க நல்-லதுக்குத்-தான்!" என்று ஜன்னல் கண்ணாடி அதிரச் சொன்னார். மொரியோ அவர் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதினார்: "இவர் ஏன் கோவிச்சுக்கிறார்?"

பிறகு ஒரு பக்கத்தைப் புரட்டி, நிதானமாக எழுதினார். நவம்பர் கடைசியில் பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கிற நாள் இருக்கிறதே, அதில் எல்லாப் பிள்ளையும் வாசிக்குமா என்று கேட்டார். கனாயேயின் முகம் சிவந்துவிட்டது. கோஹாரு வகுப்பில் வாசித்தால் வார்த்தையைப் பாதியில் விழுங்குவாள்; சத்தம் எழும்பாது; ஏற்ற இறக்கமும் இராது; 'ரோபோ, ரோபோ' என்று சோயோகா என்கிற வாயாடிப் பெண் கேலி செய்ய, மற்றதுகள் சேர்ந்துகொள்ளும். அதனால் அவளை அன்றைக்கு வாசிக்க விடாமல், கதைப் படத்தைத் தூக்கிப் பிடிக்க விடலாம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். மறைக்காமல் எழுதினாள்.

மொரியோ எழுதினார்: "படத்தப் புடிக்க ஒரு ஆணி போதும். எம் பொண்ணு வாசிக்கட்டும்."

அதன் கீழேயே இன்னொன்றும் எழுதினார். பதினைந்து வயதில் ஒரு ரொட்டிக் கடையில் வாயைத் திறந்து ரொட்டி கேட்டாராம். கடைக்காரப் பெண் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாளாம். அன்றைக்கு மூடிய வாயை வீட்டுக்கு வெளியில் அவர் திறந்ததே இல்லை. "அவ வாய் மூடிடக் கூடாது, டீச்சர்" என்று முடித்திருந்தார். கனாயே மேஜை இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

இந்த மொரியோ பேரிக்காய்த் தோட்டக்காரர் வீட்டுக் கடைசிப் பிள்ளை. மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து காது போயிற்று. ஆறு வயதில் தூரத்து ஊரில் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிகளில் கையால் பேசக் கூடாது. பேசினால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயால்தான் பேச வேண்டும். ஒரு உள்ளங்கை ஆசிரியரின் தொண்டையில், இன்னொன்று தன் தொண்டையில். அங்கே அதிர்கிற மாதிரி இங்கே அதிரும் வரை விடமாட்டார்கள். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைத் தொங்கவிட்டு, அது பறக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷமும் அதை வெறுத்துக்கொண்டே கற்றார். முடிவில் கிடைத்தது அந்த ரொட்டிக் கடைச் சிரிப்புதான்.

ஆனால் உள்ளங்கைக்கு வேறு வேலை கிடைத்தது. யோனேஹாராவின் கார் டிங்கர் பட்டறையில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறார். பெயின்ட் அடிக்குமுன் எல்லா வண்டியும் மொரியோவின் கைக்கு வந்துதான் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கதவின் மேல் தடவுவார். கண்ணுக்கும் விளக்குக்கும் தெரியாத பள்ளம் ஒன்று இருந்தால் கை அங்கே நின்றுவிடும். "மெஷின் பொய் சொல்லும்டா, மொரியோ கை சொல்லாது" என்று முதலாளி புதுப் பையன்களிடம் சொல்லுவார். கோஹாரு பிறந்த புதிதில், அழுதால் தெரிய வேண்டுமே என்று, குழந்தையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே ஒரு வருஷம் தூங்கினார். மனைவி தொமோயோவுக்குச் சாப்பாட்டுப் பெட்டித் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். ஆகவே வாசிப்பு கேட்கிற பொறுப்பு மொரியோவின் தலையில் விழுந்தது.

மற்ற வீட்டு அட்டைகள் எப்படி வரும் என்று நான் சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு உட்காருமுன் ஏழு நாளுக்கும் சேர்த்து இரட்டை வட்டம், ஏழு முத்திரை, முடிந்தது. சோயோகாவின் அம்மா ஒரு தடவை வரப்போகிற வாரத்துக்கும் சேர்த்தே போட்டுவிட்டாள். கோஹாருவின் அட்டை அப்படி வரவில்லை. முதல் வாரம் முழுக்க முக்கோணம். இரண்டாம் வாரம் வியாழக்கிழமைக் கட்டத்தில் குறிப்பு ஒன்று: "நாலாவது வரியில மூச்சு தீந்துபோச்சு. அஞ்சாவது வரியில வாய் மட்டும் அசஞ்சுது, சத்தம் வரல. ஏமாத்தினா."

கனாயே அதை மூன்று முறை படித்தாள். பின்னே? காது கேட்காதவருக்கு வாய் மட்டும் அசைந்தது எப்படித் தெரியும்? கோஹாருவைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நெஜமாவே சத்தமில்லாம வாசிச்சியாடா கண்ணு?" என்று கேட்டாள். கோஹாரு தரையைப் பார்த்தாள். "அப்பாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன் டீச்சர். தெரிஞ்சிடுது."

தகேயாவிடம் காட்டினால் அவர் சிரித்தார். "பக்கத்து வீட்டம்மா யாராவது கேட்டு எழுதிக் குடுப்பாங்க. இதுக்குப் போயி மண்டையப் போட்டு உடச்சுக்கிறீங்களே." ஆனால் அட்டையில் கையெழுத்து மொரியோவுடையது. அடுத்தடுத்த வாரங்களில் முக்கோணம் குறைந்து ஒற்றை வட்டம் முளைத்தது. வகுப்பில் கோஹாரு வாசித்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க ஆரம்பித்தது. பாதி வார்த்தையை விழுங்குவது நின்றது. 'ரோபோ' என்கிற பேச்சும் தேய்ந்தது. கனாயேயால் இருப்புக்கொள்ளவில்லை. நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, அவர்கள் வீட்டுக்கே போனாள்.

மணியை அழுத்தினால் உள்ளே விளக்கு மின்னியது. கோஹாரு கதவைத் திறந்தாள். "டீச்சர், எங்கப்பா காலையிலேருந்து வீட்டப் பெருக்கிக்கிட்டே இருக்கார்" என்று மானத்தை வாங்கினாள். மொரியோ பேரிக்காய் நறுக்கி வைத்து, தேநீர் ஊற்றி, கடிகாரத்தைக் காட்டினார். பாட நேரம். உபசாரமெல்லாம் அதற்குப் பிறகு.

தாழ்ந்த மேஜையில் புத்தகம். கோஹாரு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மொரியோ அவளுக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையை அவளுடைய இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வைத்தார். வலது ஆள்காட்டி விரலைப் பாடத்தின் முதல் எழுத்தில் வைத்தார். மழைக்குப் பயந்த தவளையின் கதை. கோஹாரு வாசிக்கத் தொடங்கினாள். விரல் நகர்ந்தது. அவள் வாசிக்கிற எழுத்தின் மேலேயே விரல் போயிற்று. ஒரு எழுத்து முந்தவில்லை, ஒரு எழுத்து பிந்தவில்லை. அவள் நிறுத்தினால் நின்றது. ஒரு வார்த்தையின் வாலைக் கோஹாரு மென்றாள். விரல் அங்கேயே நின்று இரண்டு தட்டு தட்டியது. "சே" என்று அவள் மறுபடி வாசித்தாள்.

கனாயேக்குப் புல்லரித்துவிட்டது. எட்டு வருஷமாக டீச்சர் அவள். பிள்ளை வாசிக்கும்போதே ஜன்னலைப் பார்ப்பாள், மூக்கு ஒழுகுகிறவனைப் பார்ப்பாள், மணி என்ன என்று பார்ப்பாள். இரண்டு நல்ல காதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையையாவது இப்படிக் கேட்டிருப்பாளா? ஐயோ, ஒரு வரியையாவது?

பாதியில் விரல் நின்றது. மொரியோ மகளைத் தன் பக்கம் திருப்பிக் கையால் கேட்டார். கோஹாரு டீச்சருக்காக வாயாலும் சொன்னாள். "தவளைக்கு இப்ப என்னன்னு கேக்கறார். பயம்ப்பா. வேற என்ன?"

மொரியோ தலையை ஆட்டினார். போதாதாம். எழுந்து நின்றார். அப்புறம் நடந்ததைக் கனாயே எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள், பாதிகூடச் சொல்ல வரவில்லை என்பாள். அந்தப் பத்து விரலில் மழை வந்தது. முதலில் தூரத்தில், மலைப் பக்கம், பிறகு வயலில், பிறகு தலைக்கு மேலே. கழுத்து உள்ளே போயிற்று, கண் உருண்டது, நாற்பது வயதுத் தடித்த மனிதர் போன இடம் தெரியவில்லை, அங்கே ஒரு தவளைதான் நின்றது. பயம் மட்டும் இல்லை அதன் முகத்தில். 'என்னை மட்டும் ஏன்?' என்கிற கோபமும் இருந்தது. அந்தக் கதையை எட்டுத் தடவை வகுப்பில் நடத்தியவள் கனாயே. தவளைக்குக் கோபம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோஹாரு அந்த இடத்தை மறுபடி வாசித்தாள். கனாயே தேநீரைக் குடிக்க மறந்தாள்.

புறப்படும்போது நோட்டை வாங்கி எழுதினாள்: "எனக்குக் கேக்கவே தெரியல." மொரியோ படித்துவிட்டு, பேரிக்காய் நாலைப் பையில் போட்டுக் கொடுத்தார். அன்றைய அட்டையில் உணர்ச்சிக்கு ஒற்றை வட்டம்தான்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை வந்தது. பெற்றோர்கள் கோட்டும் சூட்டுமாக, பள்ளிச் செருப்புக்கு மாறி, வகுப்பின் பின்சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மொரியோவும் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு நின்றார். தொமோயோவுக்கு அன்றைக்குப் பகல் ஷிப்ட். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து, கரும்பலகையைப் பார்த்து நின்று, வாசித்தார்கள். ஐந்தாவது பிள்ளை வாசிக்கும்போதுதான் கனாயேக்குச் சுரீர் என்றது. கோஹாரு முன்னால் பார்த்து நிற்பாள். அப்பா பின்னால். வாய் தெரியாது, முதுகைத் தொடவும் முடியாது. ஏழெட்டு வாரம் கேட்டவருக்கு இன்றைக்கு ஒன்றும் கிடைக்காது! காது கேட்கிறவர்களுக்காகவே போட்ட வரிசை அது. இத்தனை வருஷத்தில் யாருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை. திருப்பி நிற்கவைக்கலாமா என்று அவள் தடுமாறுவதற்குள் கோஹாரு எழுந்துவிட்டாள்.

"மழையே, மழையே, என்னை ஏன் துரத்துகிறாய்?"

தவளையின் கோபம் அப்படியே வந்தது. சோயோகா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்போது பின்சுவரிலிருந்து இன்னொரு சத்தம் எழுந்தது. தடித்த, கரடுமுரடான, வார்த்தை பிடிபடாத சத்தம். பெற்றோர்கள் திரும்பினார்கள். மொரியோ யாரையும் பார்க்கவில்லை. அவர் கண் மகளுடைய கம்பளிச் சட்டையின் முதுகில், மூச்சுக்கு ஏறி இறங்குகிற தோளில் இருந்தது. கை தொடாததைக் கண் தொட்டுக்கொண்டிருந்தது. வாய் அதுபாட்டுக்குத் திறந்து கூடவே வாசித்துக்கொண்டிருந்தது. தன் வாய் திறந்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை!

ஒரு பிள்ளை சிரித்தால் போதும், வகுப்பே சிரிக்கும். அப்பனும் மகளும் சேர்ந்து வாயை மூடிக்கொள்வார்கள். சோயோகா திரும்பி, வாயைப் பிளந்து, மொரியோவைப் பார்த்தாள். கோஹாரு ஒரு கணம் நிறுத்தினாள். அவளுக்குத்தான் அந்தச் சத்தம் தெரியுமே. மூச்சை நன்றாக இழுத்தாள். தோள் ஏறியது. பின்னால் அவரும் நிறுத்தினார்.

"நான் துரத்தவில்லை. நீ போகிற வழியும் நான் போகிற வழியும் ஒன்று."

இரண்டு குரலும் ஒரே நொடியில் ஆரம்பித்து, ஒரே நொடியில் முடிந்தன. சிரிக்க வாயைத் திறந்த சோயோகா அதை மூட மறந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு தகப்பனார் கைதட்ட ஆரம்பித்தார்; வகுப்பு நேரத்தில் கைதட்டக் கூடாது என்று சொல்ல வேண்டிய தகேயாவும் தட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு மொரியோ நோட்டோடு வந்தார். "எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் சத்தம் போட்டேனா?"

கனாயே தலையாட்டினாள். அவர் கழுத்து வரைக்கும் சிவந்தது.

"யாராவது சிரிச்சாங்களா?"

"ஒருத்தரும் சிரிக்கல."

அவர் பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "அவ கொரல் எப்படி இருக்கும்? ஏழு வருஷமா யாரயும் கேக்கல. பயமா இருந்துச்சு."

இனிமையாக இருக்கும் என்று எழுதிவிட்டுப் போகலாம். எல்லா டீச்சருக்கும் அது கைவந்த பதில்தான். ஆனால் சும்மா ஒரு இரட்டை வட்டம் போடாத மனிதர் கேட்கிறார். கனாயே கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குரலை மறுபடி கேட்டுவிட்டு, எழுதினாள்.

"கொஞ்சம் கரகரன்னு இருக்கும், காலையில எழுந்ததும் பேசுற மாதிரி. வரி முடியிற எடத்துல லேசா மேல போகும். இன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து வாசிச்சப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அது உங்க கொரல்."

எழுதிக் கொடுத்தபின்தான் அவளுக்கு உறைத்தது. எந்தக் குரலுக்குப் பயந்து இருபத்தைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அதே குரல் மகளுக்கு இருக்கிறது என்றல்லவா எழுதிவிட்டோம்! மொரியோ படித்தார். விரலை 'உங்க' என்கிற வார்த்தையின் மேல் வைத்தார். விரல் அங்கேயே நின்றது. பிறகு நோட்டை அவள் கையிலேயே விட்டுவிட்டு, வகுப்பு வாசலுக்குப் போனார்.

நடைபாதை முழுக்கப் பெற்றோர் கூட்டம். அந்தக் கோடியில் செருப்பு அலமாரிப் பக்கம் கோஹாருவும் சோயோகாவும் போய்க்கொண்டிருந்தார்கள். மொரியோ மூச்சை இழுத்தார்.

"கோஹாரு!"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. அவர் வாயை மூடவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். சோயோகா கண்ணை அகல விரித்துக் கோஹாருவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், உங்கப்பாவுக்கு அப்படியே உன் கொரல்டி!"

கோஹாரு பையைத் தரையில் வைத்துவிட்டு, அதை ஒரு வார்த்தை விடாமல் கையால் அப்பாவுக்குச் சொன்னாள்.